வட்டியில்லாக் கார்டுப் பணத்தை முதலீட்டில் போடலாமா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கிரெடிட் கார்டில் வரும் வட்டியில்லாச் சலுகையை எடுத்துப் பங்கிலோ, மியூச்சுவல் ஃபண்டிலோ, ஏலக்காய் வாங்கி இருப்பு வைப்பதிலோ போடாதீர்கள். பில் கட்டும் பணம் ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால் மட்டும், அந்த 45 நாளோ 50 நாளோ அதை வங்கியில் கிடக்கவிட்டுச் சின்னதாக ஒரு லாபம் பார்க்கலாம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு வரும் சலுகை வேறு ரகம், அதற்குத் தனிக் கணக்கு உண்டு. உங்களுக்கு வந்திருக்கும் சலுகையை நீங்களே எப்படி எடைபோடுவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

குமுளியில் கணக்கு எழுதுவதும், வருமான வரி, ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும் என் தொழில். வீடு கம்பம். என்னிடம் வருபவர்கள் வண்டன்மேடு, அணக்கரை, சக்குபள்ளம் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள், தேக்கடி ரோட்டில் மசாலாக் கடையும் லாட்ஜும் நடத்துபவர்கள், கம்பம்மெட்டு வழியாகத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர்கள். முன்பெல்லாம் இவர்கள் கொண்டுவரும் பையில் நகைக்கடன் சீட்டும் சிட்டி (சீட்டு நிதி) புத்தகமும்தான் இருக்கும். இப்போது ஆளுக்கு இரண்டு மூன்று கார்டு ஸ்டேட்மெண்ட், கூடவே பங்குக் கணக்கைக் காட்டும் ஒரு டீமேட் ஸ்டேட்மெண்ட். கார்டில் எடுத்த தேதியையும் பங்கு வாங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தப் பணம் எங்கே போனது என்று எனக்குத் தெரிந்துவிடும். வருடக் கடைசியில் லாபம் என்று அவர்கள் சொல்லும் தொகையிலிருந்து கட்டணம், ஜிஎஸ்டி, தாமதக் கட்டணம் எல்லாம் கழித்துக் காட்டும்போது முகம் மாறிவிடும். அந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எந்த ரகச் சலுகை?

"வட்டி இல்லை" என்று சொல்லி நம்மிடம் நாலு விதமான சரக்கு வருகிறது. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் பேசினால் குழப்பம்தான்.

ஒன்று, எல்லாக் கார்டிலும் இருக்கும் சாதாரண வட்டியில்லா நாட்கள். ஸ்டேட்மெண்ட் தேதி 5, கட்ட வேண்டிய தேதி 25 என்றால், 6ஆம் தேதி வாங்கிய பொருளுக்கு ஏறத்தாழ 50 நாள் கிடைக்கும். 4ஆம் தேதி வாங்கியதற்கு 21 நாள்தான். போன மாசப் பில்லில் ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும் இந்த மாசம் வாங்கியதற்கு அந்த நாட்கள் கிடையாது. இது பலருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டு, நோ காஸ்ட் இ.எம்.ஐ. போன், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர் வாங்கும்போது வருவது. மூன்று, பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர். ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டுக்கு மாற்றுவது. நம் நாட்டில் வட்டியே இல்லாமல் கொடுத்தால் இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம், அதற்கும் ஒரு பிராசசிங் கட்டணம் உண்டு. நான்கு, போன் போட்டு "சார், உங்க கார்டு லிமிட்டுல ஒரு லட்சம் அப்ரூவ் ஆயிருக்கு, மாசம் ஒரு சதவீதம்தான்" என்று கொடுக்கும் கடன்.

இந்த நாலாவதைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. ஒரு லட்சத்துக்கு மாசம் ஒரு சதவீதம், 12 மாதத் தவணை. மொத்தம் 1,12,000. மாதம் 9,333 ரூபாய். "வருஷத்துக்கு 12 சதவீதம், பரவாயில்லையே" என்று தோன்றும். ஆனால் ஒரு லட்சம் முழுதாக உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டும்தான். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் கட்டுகிறீர்கள். குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் வருட வட்டி ஏறத்தாழ 21.5 சதவீதம். அதன்மேல் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. கார்டுக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு, சாதாரண வங்கிக் கடன் வட்டிக்குக் கிடையாது.

போன் செய்கிறவர் மாத வட்டியைச் சொன்னால், "ரெட்யூசிங் கணக்கில் வருடத்துக்கு எவ்வளவு, எல்லாக் கட்டணமும் சேர்த்து" என்று கேளுங்கள். எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்தது.

பூஜ்யத்துக்குள் ஒளிந்திருப்பது

வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்ற கருத்தை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. கார்டு பாக்கியின் மேல் தரும் பூஜ்ய வட்டித் தவணைகளில், வட்டியைப் பிராசசிங் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்குகிறார்கள் என்றும் அதில் இருந்தது. 2022 ஏப்ரலில் வந்த கார்டு விதிகளும் அதையே வேறு விதமாகச் சொல்கின்றன: வட்டி உள்ள தவணையை வட்டியில்லாத் தவணை என்று காட்டக் கூடாது, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கடைக்காரர் தரும் தள்ளுபடி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

ஒரு போனை வைத்துப் பார்ப்போம். விலை 60,000. மாதம் 5,000 வீதம் 12 தவணை. வங்கி 16 சதவீத வட்டி போடுகிறது, அந்த வட்டியைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாகக் கொடுத்துவிடுகிறது. கடனாகப் பதிவாவது ஏறத்தாழ 55,100 ரூபாய், வட்டி 4,900. இதுவரை உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் அந்த 4,900க்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 880 ரூபாய், உங்கள் தலையில். பிராசசிங் கட்டணம் 299 என்றால் ஜிஎஸ்டி சேர்த்து 353. ஆக, வட்டியே இல்லாத கடனுக்கு 1,230 ரூபாய் கொடுத்துவிட்டீர்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். கையில் இருந்த 60,000த்தை எஃப்.டி.யில் போட்டு, மாதாமாதம் 5,000 எடுத்துத் தவணை கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் மாதம் 60,000 கிடக்கும், அடுத்த மாதம் 55,000, கடைசி மாதம் 5,000. சராசரி 32,500தான். 6.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2,112 ரூபாய். சேமிப்புக் கணக்கில் வைத்தால், 3 சதவீதம் என்றாலும் 975. பெரிய வங்கிகள் 2025ல் சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 சதவீதத்துக்கு இறக்கிவிட்டன, அதனால் அதுவும் முழுதாக வராது. எஃப்.டி.யில் போட்டவருக்கு மிச்சம் 880, அதற்கும் வருமான வரி. சேமிப்புக் கணக்கில் வைத்தவருக்குக் கையை விட்டே 250 ரூபாய்க்கு மேல் போயிருக்கும்.

இதில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதே போனை முழுப் பணம் கட்டி வாங்கினால் கடையில் 5 சதவீதம் குறைத்துத் தருவார்களா? தந்தால் அங்கேயே 3,000 ரூபாய். கம்பத்தில், கட்டப்பனையில் இருக்கும் பெரிய கடைகளில் நேரில் போய்க் கேட்டால் பல நேரம் தருகிறார்கள். ஆகவே முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "தவணை வேண்டாம், இப்பவே முழுசாக் கட்டுறேன், எவ்வளவுக்குக் கொடுப்பீங்க?" அந்த வித்தியாசம்தான் இந்தப் பூஜ்யத்தின் நிஜ விலை.

கார்டைப் பணமாக்கும் குறுக்கு வழிகள்

மியூச்சுவல் ஃபண்டுக்குக் கிரெடிட் கார்டில் பணம் கட்ட முடியாது. பங்குத் தரகர் உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்தை மட்டும்தான் ஏற்பார். என்.பி.எஸ். என்ற ஓய்வூதியத் திட்டத்தின் இரண்டாம் அடுக்குக் கணக்கில் கார்டு வழியே பணம் போடுவதை ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஆகஸ்டில் நிறுத்தியது. கடன் வாங்கி முதலீடு செய்யாதே என்பதைத்தான் இந்தக் கதவுகளை அடைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கார்டுப் பணம் முதலீடாக மாற வேண்டும் என்றால் முதலில் ரொக்கமாக மாற வேண்டும். செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டு எடுத்தால் ஏறத்தாழ 2.5 சதவீதம் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. வட்டியில்லா நாள் என்பதே அதற்குக் கிடையாது. இதைப் பற்றி மேலே பேச ஒன்றும் இல்லை, செய்யாதீர்கள்.

வீட்டு வாடகை என்று சொல்லி ஆப் மூலம் சொந்தக்காரர் கணக்குக்கு அனுப்பித் திரும்ப வாங்குவது சில வருடம் நடந்தது. பேமெண்ட் நிறுவனங்களுக்கு 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கிய பிறகு பல ஆப்கள் அதை நிறுத்திவிட்டன.

நம் பக்கம் இன்னும் நடப்பது தெரிந்த கடையில் ஸ்வைப் செய்து ரொக்கம் வாங்குவது. ஐயப்ப சீசன் முடிந்து வியாபாரம் மந்தமாகும்போது தேக்கடி ரோட்டில் இது கூடும். ஒரு லட்சத்துக்குத் தேய்த்தால் 2,500 பிடித்துக்கொண்டு 97,500 தருவார்கள். "ரெண்டரை சதவீதம்தானே அக்கா, ஐம்பது நாளைக்கு" என்பார்கள். 45 நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. வங்கியில் நகை வைத்தால் ஏறத்தாழ 9லிருந்து 12 சதவீதத்துக்குள் முடிந்துவிடும்.

கடைக்காரருக்கும் இது ஆகாது. சரக்கு போகாமல் விற்பனை பதிவாகிறது. அந்த விற்பனைக்கு ஜிஎஸ்டி காட்ட வேண்டும், காட்டினால் ஸ்டாக் இடிக்கும். பில் போடாமல் விட்டால் மெஷின் கணக்கும் தாக்கல் செய்த கணக்கும் ஒத்துவராது. நோட்டீஸ் வந்த பிறகு என்னிடம் வந்தால் நான் என்ன எழுத முடியும்? கார்டு வைத்திருப்பவருக்கும் ஒரு விஷயம்: ஒரு நிதியாண்டில் கார்டு பில்லுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டினாலோ, ரொக்கமாக ஒரு லட்சத்துக்கு மேல் கட்டினாலோ வங்கி வருமான வரித் துறைக்குச் சொல்லிவிடும். இப்படித் தேய்த்துத் தேய்த்துப் பணத்தைச் சுழற்றுகிறவர்களுக்கு 10 லட்சம் என்பது வெகு சீக்கிரம் வந்துவிடும். காட்டிய வருமானம் 4 லட்சம், கட்டிய பில் 12 லட்சம் என்றால் கேள்வி வராமல் இருக்காது.

தங்க நாணயம் வாங்கலாமே என்று ஒருவர் கேட்டார். கார்டில் வாங்கலாம், ஆனால் நகை, நாணயம் வாங்கியதைப் பெரும்பாலான வங்கிகள் தவணையாக மாற்றித் தருவதில்லை. 3 சதவீத ஜிஎஸ்டியும் செய்கூலியும் போனால் வாங்கிய அன்றே நஷ்டத்தில்தான் நிற்பீர்கள். 50 நாளில் தங்கம் அதை ஈடுகட்டுமா என்பது உங்கள் கையில் இல்லை.

திருப்பிக் கட்டும் தேதியும் முதலீட்டின் தேதியும்

செலவை விட எனக்குப் பெரிய கவலை இது. பக்கத்து வீட்டில் கைமாத்து வாங்கினால், "காய் போட்டுட்டுத் தர்றேன்" என்று ஒரு வாரம் சொல்லலாம். கார்டுக்கு அந்த ஒரு வாரம் கிடையாது.

2020 ஜனவரியில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 12,430ஐத் தொட்டது. மார்ச் 23 அன்று 7,610ல் முடிந்தது. இரண்டே மாதம், 38 சதவீதத்துக்கு மேல் சரிவு. பழைய உயரத்துக்குத் திரும்பியது நவம்பரில். சொந்தப் பணம் போட்டவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், வருடக் கடைசியில் தப்பித்தார்கள். ஜனவரியில் ஆறு மாதத் தவணைக்கு எடுத்துப் போட்டவர் என்ன செய்திருப்பார்? பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு தவணைக்கும் பங்கை விற்றிருப்பார், அதுவும் விலை அடியில் கிடந்த மார்ச், ஏப்ரலில். சந்தை மீண்டு வந்தபோது அவரிடம் மீண்டு வரப் பங்கே இருந்திருக்காது. சந்தை நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே பேச்சு. பங்குக்கு வேண்டியது ஐந்து வருடம், ஏழு வருடம் என்ற நேரம். கார்டுப் பணத்தில் அந்த நேரம் கிடையாது.

லாபம் வந்தாலும் ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவீத வரி, 2024 ஜூலை 23லிருந்து. கார்டுச் சலுகை எதுவும் நம் ஊரில் ஒரு வருடத்தைத் தாண்டுவது அபூர்வம் என்பதால், இந்தப் பணத்தில் வரும் லாபம் ஏறக்குறைய எல்லாமே அந்த 20 சதவீதத்துக்குள் விழும்.

ஐ.பி.ஓ.வுக்கு, அதாவது ஒரு கம்பெனி முதல் முறையாக மக்களுக்கு விற்கும் பங்குக்கு, மட்டும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரிலிருந்து விண்ணப்பம் முடிந்த மூன்றாவது வேலை நாளில் பங்கு சந்தையில் லிஸ்டிங் ஆகிவிடும். ஒரு வாரத்தில் பணம் திரும்பிவிடுகிறதே என்று கேட்கிறார்கள். சொந்தக் கணக்கில் கிடக்கும் பணத்தில் விண்ணப்பம் போடுங்கள், ஒதுக்கீடு ஆகும்வரை பணம் கணக்கிலேயே முடங்கி நிற்கும், சேமிப்பு வட்டியும் வரும். அதற்குக் கார்டே தேவையில்லை.

ஏலக்காய்க்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் இடுக்கியில் இருக்கும் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அன்று குமுளியில் டீக்கடையில் நின்றவர்கூட ஸ்டாக் வைப்பதைப் பற்றிப் பேசினார். 2022ல் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. நடுவில் வாங்கி வைத்தவர்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். விலை ஏறும்போதெல்லாம், "பத்து மூட்டை வாங்கிப் போடலாம், கார்டுல லிமிட் இருக்கு" என்ற பேச்சு மறுபடி கிளம்புகிறது. அப்படி நினைப்பவர்கள் மூன்றை யோசிக்க வேண்டும். புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு மின் ஏலத்தில் லைசென்ஸ் உள்ள வியாபாரிகள்தான் கேட்க முடியும். நீங்கள் வாங்குவது இன்னொருவர் பேரில், வாய்வார்த்தையில். அடுத்தது, காய் வங்கியில் கிடக்கும் பணம் போல அல்ல. கறுப்புப் பாலிதீன் போட்ட சாக்கில் ஈரம் படாமல் வைத்தாலும் நாள் ஆக ஆகப் பச்சை மங்கும், பச்சை மங்கினால் விலை இறங்கும். மூன்றாவது, விலை ஏறும்வரை காத்திருக்கத்தான் ஸ்டாக் வைக்கிறோம். 50வது நாளில் கட்டாயம் விற்க வேண்டியவர் ஸ்டாக் வைப்பதில் அர்த்தமே இல்லை.

தோட்டக்காரர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. காய் எடுக்கும் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஒன்றரை மாதம்வரை ஆகும். மழை பிடித்தால் இன்னும் தள்ளும். வெயில் காலத்தில் பல மாதம் வரவே இருக்காது, தண்ணீருக்கும் மருந்துக்கும் செலவு மட்டும்தான். கார்டோ மாதாமாதம் குறித்த தேதியில் கேட்கும். இப்படி விட்டு விட்டு வரும் வருமானத்தின் மேல் மாதத் தவணையைத் தூக்கி வைப்பதே ஆபத்து, அந்தத் தவணைப் பணமும் பங்கில் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். தோட்டத்துக்குப் பணம் தேவை என்றால், தகுதி இருப்பவர்கள் கிசான் கிரெடிட் கார்டைக் கேளுங்கள். 3 லட்சம் வரை 7 சதவீதம், தேதி தவறாமல் கட்டினால் 4 சதவீதத்துக்கு இறங்கும், பயிரின் காலத்தை ஒட்டித் திருப்பிக் கட்டலாம். அதையும் பங்குச் சந்தைக்குத் திருப்பிவிடாதீர்கள், அது பயிருக்கு என்று கொடுத்த பணம்.

ஒரு தேதி தவறினால் என்ன ஆகும் என்பதையும் தொகையில் காட்டிவிடுகிறேன். 50,000 ரூபாய் பில். "மினிமம் டியூ 2,500 கட்டினால் போதும்" என்று ஸ்டேட்மெண்டில் இருக்கும். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டியோ வாங்கிய நாளிலிருந்து முழு 50,000த்துக்கும் ஓடும். மாதம் 3.75 சதவீதம், வருடத்துக்கு 45 என்றால், 50 நாளுக்கு ஏறத்தாழ 3,080. ஜிஎஸ்டி 555. ஒரே மாதத்தில் 3,600 ரூபாய் போய்விட்டது, எஃப்.டி.யில் அந்த 50,000 ஒரு வருடம் முழுக்கக் கிடந்தாலும் அவ்வளவு வராது. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. ஆகவே 45 சதவீதம் என்பது சட்டப்படியே வரும் வட்டி.

லண்டனில் இருக்கும் மகளின் கேள்வி

அணக்கரையில் ஒரு பெரியவர். மகள் இங்கிலாந்தில் நர்ஸ். "ஏம்மா, அங்க கார்டுக்காரன் ஒரு வருஷத்துக்கு வட்டியில்லாம அஞ்சாயிரம் பவுண்டு அக்கவுண்டுலயே போடுறேங்குறானாம். அனுப்பட்டுமாப்பா, இங்க பேங்குல போடுங்கங்குறா. வாங்கலாமா?" என்று கேட்டார். நம் பக்கம் நர்சிங் படித்துவிட்டு வெளியே போன பிள்ளைகள் உள்ள வீடு நிறைய. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கே இது நிஜமாகவே நீண்ட காலச் சலுகை. ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட வட்டியில்லாமல் தருகிறார்கள். 2000களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இப்படி எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டு வட்டி பார்ப்பது பலர் செய்த காரியம். 2007ல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி 5.75 சதவீதம். 2009 மார்ச்சில் அது அரை சதவீதத்துக்கு வந்தபோது அந்தக் கணக்கே செத்துப்போனது. சேமிப்பு வட்டி மறுபடி ஏறிய பிறகு மறுபடி பேசுகிறார்கள்.

கணக்கு இப்படி: 5,000 பவுண்டு, கட்டணம் 4 சதவீதம், அதாவது 200 பவுண்டு. வட்டியில்லை என்றாலும் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை கட்டியாக வேண்டும், 100 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதை அந்தச் சேமிப்பிலிருந்தே எடுத்தால் வருடம் முழுவதும் சராசரியாகக் கிடப்பது 4,450. அங்கேயே 4.5 சதவீதம் தரும் கணக்கில் போட்டால் வட்டி 200 பவுண்டு. கட்டணமும் 200. ஒரு வருடம் தேதி பார்த்துப் பார்த்துக் கட்டியதற்கு மிச்சம் பூஜ்யம்.

அந்தப் பணத்தை இங்கே அனுப்பி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. எஃப்.டி.யில் போட்டால்? வட்டி கூடுதல்தான், இந்தியாவில் வரியும் இல்லை. ஆனால் என்.ஆர்.இ. எஃப்.டி. குறைந்தது ஒரு வருடம், அதற்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. மாதத் தவணையை அவள் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும். மாற்றும்போது ஒரு கழிவு, திருப்பி எடுக்கும்போது ஒரு கழிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் பவுண்டில், சேமிப்பு ரூபாயில். ஒரு வருடத்தில் பவுண்டு 5 சதவீதம் ஏறினால் வட்டி முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். பெரியவரிடம் "வேண்டாம்" என்றுதான் சொன்னேன்.

அவள் உண்மையில் பயன்படுத்தக்கூடிய ஒரு வழி இருக்கிறது. பணமாகத் தரும் கார்டை விட்டுவிட்டு, வாங்கும் பொருளுக்கு வட்டி இல்லாத கார்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. மளிகை, பஸ், உடுப்பு என்று மாதம் எப்படியும் செலவாகும் 600 பவுண்டைக் கார்டில் போட்டு, சம்பளத்தில் மிஞ்சும் அந்த 600ஐச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொண்டே வந்தால், வருடத்துக்கு ஏறத்தாழ 150 பவுண்டு வட்டி நிற்கும். ரூபாயில் பதினைந்தாயிரத்துக்கு மேல். சலுகை முடிவதற்கு ஒரு மாதம் முன்பே சேமிப்பிலிருந்து மொத்தத்தையும் அடைத்துவிட வேண்டும். ஒரு தவணை தவறினால் வட்டியில்லாச் சலுகையே பறிபோகலாம், அதனால் குறைந்தபட்சத் தொகைக்கு டைரக்ட் டெபிட் போட்டுவிடச் சொல்லுங்கள். அந்தக் கார்டில் ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுக்கக் கூடாது. வீடு வாங்கக் கடன் கேட்கும் யோசனை இருந்தால் இதில் இறங்கவே வேண்டாம். கார்டில் நிற்கும் பாக்கியைக் கடன் கொடுப்பவர்கள் பார்ப்பார்கள்.

சரியாகச் செய்ய விரும்புபவர்களுக்கு

நம் ஊரில் மிஞ்சுவது அந்த முதல் ரகம், சாதாரண வட்டியில்லா நாட்கள். மாதம் 40,000 ரூபாய் வீட்டுச் செலவு, டீசல், உரம் எல்லாம் கார்டில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 35 நாள் தள்ளிக் கட்டினால் எப்போதும் ஏறத்தாழ 46,000 ரூபாய் உங்கள் கணக்கில் கூடுதலாகக் கிடக்கும். சேமிப்புக் கணக்கில் 2.5 சதவீதத்துக்கு வருடம் 1,150 ரூபாய். ஸ்வீப் வசதி உள்ள (தேவைப்படும்போது தானாகவே கணக்குக்குத் திரும்பும்) எஃப்.டி.யிலோ லிக்விட் ஃபண்டிலோ 6 சதவீதம் கிடைத்தால் 2,800. இதுதான் உச்சம். ஒரே ஒரு மாதம் தேதி தவறினால் 3,600 போகும் என்று மேலே பார்த்தோம், இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

செய்வதென்றால், கார்டில் தேய்த்த அன்றே அந்தத் தொகையை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பணம் தீபாவளிக்கோ கல்யாண மொய்க்கோ போய்விடும். முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் போடுங்கள், மினிமம் டியூவுக்கு அல்ல. வங்கிப் படிவத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பல பேருக்குக் கிளையில் மினிமத்தில்தான் டிக் அடித்துக் கொடுக்கிறார்கள். தோட்டத்துக்குள்ளே இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். வண்டன்மேட்டுச் சரிவுகளில் பல இடத்தில் சிக்னல் கிடையாது, 25ஆம் தேதி ராத்திரி ஓடிபிக்காக மேடு ஏறி நிற்க முடியாது. தேதி தவறியே விட்டால் பதறாமல் மூன்று நாளுக்குள் கட்டிவிடுங்கள். மூன்று நாள் தாண்டிய பிறகுதான் தாமதக் கட்டணம் போடவும், பாக்கி என்று, நம் கடன் வரலாற்றை வைத்திருக்கும் சிபிலுக்குச் சொல்லவும் முடியும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வட்டி மட்டும் வரும்.

லிமிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் எப்போதும் நிற்காமல் பார்த்துக்கொள்வது சிபில் மதிப்பெண்ணுக்கு நல்லது. அடுத்த ஆறு மாதத்தில் வீட்டுக் கடனோ ஜீப்புக் கடனோ எடுக்கப் போகிறவர்கள் கார்டில் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

ஏற்கெனவே கார்டுப் பணம் பங்கில் கிடக்கிறது என்றால்

விலை திரும்ப ஏறட்டும், விற்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 45 சதவீத வட்டியை ஈடுகட்டும் அளவுக்கு எந்தப் பங்கும் ஏறும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். லாபமோ நஷ்டமோ, விற்றுப் பில்லை அடையுங்கள். நஷ்டத்துக்கு விற்றால் அந்தத் தொகையைக் கணக்குத் தாக்கலில் காட்டுங்கள், எட்டு வருடம் வரை வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரிட்டர்ன் கடைசித் தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். பலர் "நஷ்டம்தானே, எதுக்குக் காட்டணும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

விற்றும் போதவில்லை என்றால் வங்கியில் நகை வைத்துக் கார்டை மூடுங்கள். ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டைத் தேய்க்காதீர்கள். நகையும் இல்லை என்றால், வங்கிக்கு எழுத்தில் எழுதி மீதியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தரக் கேளுங்கள். அந்தக் கார்டில் அதன்பின் ஒரு லிட்டர் பெட்ரோல்கூடப் போட வேண்டாம், ஏனென்றால் பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. பாக்கி தீர்ந்ததும் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஏழு வேலை நாளில் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2022 விதிகளில் இருக்கிறது.

நீங்கள் கேட்காமலே போனில் "சரி" என்று மட்டும் சொல்ல வைத்துக் கடனைக் கணக்கில் போட்டுவிட்டார்கள் என்றால், அந்தப் பணத்தைத் தொடாமல் அன்றே வங்கிக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள், புகார் எண்ணை எழுதி வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். செலவு ஒன்றும் இல்லை, வக்கீல் வேண்டாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். போன் செய்வதற்கு முன் ஸ்டேட்மெண்ட், வந்த எஸ்.எம்.எஸ்., புகார் எண் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.